சௌசௌ பந்தலுக்குக் கீழே ஒரு விடியல்

கேள்வி (முத்தியால்பேட்டை வாசகி): என் தங்கை இந்துமாக்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில், செயின்ட் ஆந்த்ரேவில் இருக்கிறாள். ஆகஸ்ட்டில் ஒரு மாதம் அங்கே போகிறேன். சலாசி பள்ளத்தாக்கில் விடியற்காலையில் வழிகாட்டியோடு நடந்து போய் சூரிய உதயம் பார்க்கலாம், பணம் கட்டட்டுமா என்று கேட்கிறாள். எனக்கு 58 வயது, இடது முழங்கால் அவ்வப்போது மக்கர் பண்ணும். இருட்டில், வயல்காட்டில், பாஷை தெரியாத ஆளோடு... போகலாமா?

பதில்: போங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் எந்த நடை என்று தங்கையிடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் சலாசியில் சூரிய உதயம் என்றால் அங்கே இரண்டு வேறு வேறு சமாச்சாரம். ஒன்று, எல்பூர் கிராமத்திலிருந்து பெலூவ் மேட்டுக்கு ஏறுவது. எல்பூர் சுமார் 930 மீட்டரில் இருக்கிறது, பெலூவ் 1,500 மீட்டர் வாக்கில். செஞ்சி ராஜகிரியை நீங்கள் ஏறியிருப்பீர்கள். அதை இரண்டரை தடவை அடுக்கி வைத்த ஏற்றம், அதுவும் இருட்டில், ஈர வேர் மேல் கால் வைத்து. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் அழும். இன்னொன்று பள்ளத்தாக்குக்குள்ளேயே நடப்பது. அங்கே மலைக்கு நடுவில் இருக்கும் குட்டிக் குட்டிச் சமதளங்களை ஈலெட் என்கிறார்கள், ஒவ்வொன்றிலும் நாலு வீடு, கொஞ்சம் தோட்டம். அதன் வழியாகப் போவது உங்களுக்குச் சரிப்படும். நான் இரண்டும் போயிருக்கிறேன், எனக்குப் பிடித்ததும் இந்த இரண்டாவதுதான். முதலாவதில் முக்கால்வாசி நேரம் முன்னால் போகிறவரின் குதிகாலைத்தான் பார்த்தேன்.

பாம்புக்குப் பயப்படுகிறீர்கள் என்று புரிகிறது. நம் பக்கத்தில் விடியற்காலை வயலுக்கு டார்ச் இல்லாமல் யார் போவார்கள்? ரீயூனியனில் விஷப்பாம்பே கிடையாது. ஆனாலும் டார்ச் வேண்டும், தலையில் மாட்டுகிற மாதிரி. நான் ஒரு கையில் போன் வெளிச்சம், இன்னொரு கையில் குடை என்று போய் நின்றேன். வழிகாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்து என் தலையில் மாட்டிவிட்டார். கை இரண்டும் காலியாக இருந்தால்தான் வழுக்கும்போது எதையாவது பிடிக்க முடியும்.

அந்த நாட்டில் ஆகஸ்ட் குளிர்காலம், மழை குறைவு, நடப்பதற்கு நல்ல பருவம். எல்பூர் பக்கம் விடிகாலையில் பத்து டிகிரி அளவுக்கு இறங்கும், அதனால் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு மழைக்கோட்டு. சூரியன் கிட்டத்தட்ட 6.40-க்குத்தான் வரும், நம்மைப் போல ஆறு மணிக்கு முன்னாலேயே வந்து நிற்காது. அப்புறம் ஏன் இவ்வளவு அவசரம் என்று தோன்றும். காரணம் மேகம். வெயில் ஏற ஏற கடல் பக்கத்து ஈரக்காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மூடிக்கொள்ளும். ஒன்பது, பத்து மணிக்கு எழுந்து வந்தவர்களுக்கு வெள்ளைத் திரைதான், மலையே தெரியாது.

நீங்கள் கடலில் சிவப்புப் பந்து மாதிரி எழும் சூரியனை நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். சலாசி மூன்று பக்கமும் செங்குத்துச் சுவர் நிற்கிற பெரிய கிண்ணம் மாதிரி, வடகிழக்கில் கடலைப் பார்த்து மட்டும் திறந்திருக்கும். வெளிச்சம் முதலில் படுவது உங்களுக்குப் பின்னால், தென்மேற்கே, பித்தோன் தெ நேழ் உச்சியில். 3,070 மீட்டர், இந்துமாக்கடலிலேயே உயரமான இடம். அது இளஞ்சிவப்பாகும்போது நீங்கள் நிற்கிற இடத்தில் இன்னும் டார்ச் தேவைப்படும். அப்புறம் வெளிச்சம் சுவரில் மெதுவாக இறங்கி, நடுவில் தனியாக நிற்கும் ஆன்ஷேன் குன்றைத் தொடும். தப்பி ஓடிய அடிமை ஒருவர் மனைவியோடு அந்தக் குன்றில் ஒளிந்து வாழ்ந்தார் என்று ஒரு கதை உண்டு. வழிகாட்டி கட்டாயம் சொல்வார், முழுசாகக் கேளுங்கள்.

கீழே வெயில் வந்து சேரும்போது பந்தல்கள் தெரியும். கடலூர் பக்கம் புடலை, பாகலுக்குப் போடுகிற அதே பந்தல்தான், ஆனால் தொங்குவது சௌசௌ. வீட்டில் நீங்கள் பெங்களூர் கத்தரிக்காய் என்பீர்களோ என்னவோ, அவர்கள் ஷுஷு என்கிறார்கள். காயை மட்டுமல்ல, கொடியின் துளிரையும் கிள்ளிக் கீரையாகச் சமைக்கிறார்கள். பந்தலுக்கடியில் குனிந்து போகும்போது இலைப்பனி கழுத்துக்குள் சொட்டும், அந்தக் குளிரில் எனக்கு மிச்சமிருந்த தூக்கமும் போய்விட்டது. வழிகாட்டி ஒரு காயைக் காம்போடு பிடித்து, இன்னொரு கையின் நகம் வைத்து அழுத்திக் காட்டினார்: நகம் இறங்கினால் பிஞ்சு, இறங்காவிட்டால் முற்றல். காய்க்கடையில் நீங்களும் நானும் செய்து திட்டு வாங்குகிற அதே காரியம். பாஷை பற்றி அதற்கு மேல் கவலைப்படாதீர்கள்.

வழிகாட்டிக்குப் பணம் வேண்டுமா என்றால், பகலில் வேண்டியதில்லை, பாதைகளில் பலகை வைத்திருக்கிறார்கள். இருட்டில் வேண்டும். மலை வழிகாட்டிகளுக்கு பிரெஞ்சு அரசின் டிப்ளோமா உண்டு, இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. மழை பெய்திருந்தால் வனத்துறை சில பாதைகளை மூடிவிடும், முந்தின நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று: ரீயூனியன் பிரான்சின் மாவட்டம்தான், ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லுகிற ஷெங்கன் பகுதிக்குள் வராது. பிரெஞ்சு பாஸ்போர்ட் இல்லையென்றால், சாதாரண ஷெங்கன் சுற்றுலா விசாவை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம் வாசகர்): ரீயூனியனில் நம் ஆட்கள் கரும்பு வெட்டப் போனதாகத் தாத்தா சொல்வார். இப்போதும் கரும்பு இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. 1848-ல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் தோட்டத்துக்கு ஆள் இல்லாமல் போய், ஒப்பந்தக் கூலிகளாக புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பெரும்பாலும் தமிழர்களைக் கப்பல் ஏற்றினார்கள். 1882-ல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தும்வரை அது நடந்தது. அவர்களின் வாரிசுகளை மலபார் என்பார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் காவடியும் தீமிதியும் உண்டு, முருங்கைக்கீரையை முருங் என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆலைகளில் மிஞ்சியது இரண்டே இரண்டு, அதில் ஒன்றான புவா ரூழ் செயின்ட் ஆந்த்ரேயில்தான். ஜூலையில் வெட்டு ஆரம்பித்துவிடும். ஆகஸ்ட்டில் மேலே சொன்ன வாசகி சலாசியிலிருந்து இறங்கி வரும்போது கரும்பு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், உங்கள் ஊர் ஆலை ரோட்டை நினைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி (கடலூர் முதுநகர் வாசகர்): பாஸ்போர்ட், விசா எல்லாம் நமக்கு எட்டாது. இங்கேயே இந்த மாதிரி வழிகாட்டியோடு நடக்க வழி இருக்கிறதா?

பதில்: செஞ்சிக் கோட்டை என்று சொல்ல ஆசைதான், ஆனால் கேட்டைத் திறப்பதற்குள் சூரியன் மேலே போயிருக்கும். தமிழ்நாடு வனத்துறை 2024-ல் 40 பாதைகளோடு ஒரு மலையேற்றத் திட்டம் தொடங்கியது. ஆன்லைனில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் கூட வருவார்கள், சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். உதயத்துக்கு முன்னால் கிளம்புமா என்பதைப் பாதைக்குப் பாதை பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ தெரிந்தவர் கூட்டிப் போகிறார் என்று அனுமதி இல்லாமல் காட்டுக்குள் மட்டும் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

கேள்வி (தேவனாம்பட்டினம் வாசகர்): எங்கள் பீச்சில் தினமும் சூரியன் சும்மாவே உதிக்கிறது. இதற்குப் போய்க் காசா?

பதில்: நீங்கள் கடைசியாக எப்போது எழுந்து பார்த்தீர்கள்?