குரல் கம்மினால் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்காதீர்கள்

ஒன்பது தட்டுகள் வரிசையாக வரும் உணவக விருந்துக்குப் போய்வந்தபின் சிறுநீர் சிவந்தது, மலம் கறுத்தது, ஏப்பம் வந்தது என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை சிறுநீர் சிவந்தது விருந்தில் வந்த பீட்ரூட்டால். மலம் கறுத்தது கணவாய் மை கலந்த சோற்றால். ஒரே நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதோடு விடுங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஒன்பது தட்டு சாப்பிட்டால் ஏப்பம் வரத்தான் செய்யும். அஜினோமோட்டோதான் காரணம் என்று இணையத்தில் படித்தீர்களாம். 1968-ல் ஒரு மருத்துவ இதழுக்கு ஒரு டாக்டர் எழுதிய கடிதத்திலிருந்து கிளம்பிய பயம் அது. சாப்பிடுபவருக்கு எது என்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில், நான்காவது பத்தியில், போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள். இறால் தட்டு வந்து கால் மணி நேரத்தில் உதடு ஊறல் எடுத்தது, கழுத்திலும் கையிலும் தடிப்பு, குரல் கம்மியது, கழிவறையில் கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். காரில் கணவர் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை ஒன்றைக் கொடுத்தார், வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டீர்கள், காலையில் சரியாகிவிட்டது. கடிதத்தில் பத்துக் கேள்விகள் இருந்தாலும் உங்களைத் தூங்கவிடாதது இதுதான்: அன்று உயிருக்கு ஆபத்து இருந்ததா, மறுபடி வருமா? ஆபத்து இருந்தது. மறுபடி வரலாம்.

தடிப்பு மட்டும் என்றால் காணாக்கடி என்று சொல்லி, ஒரு மாத்திரையோடு விட்டுவிடலாம். தோலில் தடிப்போடு குரல் மாறுவது, தொண்டை அடைப்பது, மூச்சு இழுப்பு, கண் இருட்டுவது இவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டாலும் அதன் பெயர் அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி. குரல் கம்முகிறது என்றால் மூச்சுப்பாதையின் வாசலில் வீக்கம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கண் இருட்டியது ரத்த அழுத்தம் சரிந்ததால். செட்டிரிசின் அரிப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். வீக்கத்தையும் இறக்காது, அழுத்தத்தையும் தூக்காது. அதற்கு முதலில் கொடுக்க வேண்டிய மருந்து அட்ரினலின் ஊசி. தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். மாத்திரை கேட்டது என்று நீங்கள் நம்புகிறீர்கள். அது வேலை செய்யத் தொடங்குமுன் உடம்பே சமாளித்துக்கொண்டது என்பதுதான் என் ஊகம். அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வருவதுண்டு. அதனால்தான் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்போம். நீங்களோ தூங்கப் போய்விட்டீர்கள்!

இனி இப்படி ஆனால் உடனே 108, அல்லது அவசரப் பிரிவு உள்ள பக்கத்து மருத்துவமனை. வண்டி வரும்வரை காலை உயர்த்திப் படுத்திருங்கள். மூச்சு முட்டினால் மட்டும் உட்காரலாம். முகம் கழுவி வருகிறேன் என்று எழுந்து தனியாகக் கழிவறைக்குப் போகவே கூடாது. அழுத்தம் சரிந்த நேரத்தில் சட்டென்று எழுந்து நின்றதால் உயிர் போன சம்பவங்கள் உண்டு.

'சின்ன வயதிலிருந்து இறால் சாப்பிடுகிறேனே' என்கிறீர்கள். இறால், நண்டு அலர்ஜி நாற்பது வயதுக்கு மேலும் முதல்முறையாக வரும். அன்று சாயங்காலம் தலைவலிக்கு ஐபுபுரோஃபென் போட்டிருக்கிறீர்கள், விருந்தில் வைனும் குடித்திருக்கிறீர்கள். சும்மா இருந்திருந்தால் உதட்டு ஊறலோடு போயிருக்கக்கூடிய அலர்ஜியை இந்த இரண்டும் பெரிதாக்கும். கெட்டுப்போன சூரை மீனிலும் முகம் சிவந்து தடிக்கும். ஆனால் அதே மீனைச் சாப்பிட்ட கணவருக்கு ஒன்றும் இல்லை, ஆகவே என் சந்தேகம் இறால் மேல்தான். சந்தேகம் மட்டுமே. அந்தத் தட்டுகளில் முந்திரியும் எள்ளும் இருந்திருக்கலாம். உணவகத்தைக் கூப்பிட்டு, அன்றைய தட்டுகளில் என்னென்ன சேர்த்தார்கள் என்று எழுதி வாங்குங்கள். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே வரிசைத் தட்டுகள் என்பதால் அவர்களிடம் கணக்கு இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அலர்ஜி நிபுணரிடம் போங்கள். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு இன்னும் சில வாரங்கள் பொறுக்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து செட்டிரிசினையும் நிறுத்த வேண்டும். இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தச் சோதனை என்று நீங்கள் அனுப்பியிருந்த விளம்பரத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அதில் பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. நீங்கள் சாப்பிட்டுப் பழகிய உணவு எது என்றுதான் அது சொல்லும்.

முடிவு தெரியும்வரை இறால், நண்டு, சிங்கி இறால் மூன்றும் வேண்டாம். நன்றாக வேகவைத்தாலும் அந்தப் புரதம் அழியாது. இறால் வேகும் ஆவியே சிலருக்குப் போதும். மீனின் புரதம் வேறு, இறால் அலர்ஜி என்பதற்காக மட்டும் மீனை விட வேண்டியதில்லை. அயோடினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதற்குப் பயந்து மாறிய இந்துப்பை மூட்டை கட்டிவிட்டு அயோடின் கலந்த உப்புக்கே திரும்புங்கள்.

விருந்துக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். இந்த மாதிரி இடங்களில் மேசை பதிவு செய்யும்போதே அலர்ஜி உண்டா என்று கேட்பார்கள். நீங்கள் போனது வேறொருவர் கடைசி நேரத்தில் விட்ட இடத்துக்கு. கேள்வி அவரிடம் போயிருக்கும். அடுத்த முறை உட்கார்ந்ததும் நீங்களே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒற்றைத் தலைவலிக்கு தினமும் புரோப்ரனலால் சாப்பிடுவதாகப் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அது உடம்பில் இருந்தால் அட்ரினலின் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே நடந்ததைச் சொல்லி, வேறு மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.