திருத்துவதற்கு முன் ஒரு பிரதி

கேள்வி: கோணேசர் கோயில், நிலாவெளிக் கடற்கரை என எடுத்த படங்கள் கணினியில் குவிந்து கிடக்கின்றன. அடுக்கவும் திருத்தவும் எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: முதலில் மூலப் படங்கள் அனைத்தையும் வெளி வன்தட்டொன்றில் பிரதியெடுத்து வையுங்கள், இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் ஜேபெக் (JPEG) என்னும், அளவைச் சுருக்கிச் சேமிக்கும் வடிவிலுள்ள படத்தைத் திருத்தித் திருத்தி அதே பெயரில் சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுணுக்கங்கள் சிறிது அழியும், அழிந்தவை மீளா. டிஜிகேம் என்னும் இலவச மென்பொருளில் ‘நிலாவெளி’ எனக் குறிச்சொல் இட்டுவிட்டால், படம் எந்தக் கோப்புறையில் இருந்தாலும் தேடியவுடன் கிடைக்கும். கடற்கரைப் படங்களில் சரிந்த அடிவானமே முதலில் கண்ணை உறுத்தும். ஆகவே அதை நேராக்கிய பின், வெயிலில் வெளிறிய மணலின் ஒளிர்வைச் சற்றுக் குறைத்து, முகம் இருண்டிருந்தால் நிழற்பகுதியை மட்டும் உயர்த்துங்கள். முற்றாக வெண்மையாகிவிட்ட மணலில் விவரம் திரும்பாது.