பாஸ்கீயை மட்டும் வைத்து பாஸ்வேர்டு மேனேஜரைத் திறக்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லாச் செயலிகளிலும் இல்லை. பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் டிஜிட்டல் சாவி, வழக்கமாகக் கையெழுத்து மட்டும்தான் போடும். சர்வர் அனுப்பும் எண்ணில் உங்கள் கருவி கையெழுத்திடும், ஆள் நீங்கள்தான் என்பது உறுதியாகும், அவ்வளவுதான். உங்கள் பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகமோ, மேனேஜரைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்து பிறந்த சாவியால் பூட்டப்பட்டது. முறைக்கு முறை மாறும் கையெழுத்து அதற்கு உதவாது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான், பாஸ்கீக்கு அடிப்படையான இணையத் தரமான வெப்ஆத்தெனில் பி.ஆர்.எஃப். என்ற நீட்சி (கூடுதல் வசதி) வந்தது. ஒரே உள்ளீட்டைக் கொடுத்தால் பாஸ்கீ எப்போதும் ஒரே ரகசிய மதிப்பைத் தரும். அதிலிருந்து சாவியை உருவாக்கிக்கொள்ளலாம். பிரவுசரும் கருவியும் இதை ஆதரிக்காவிட்டால், உள்ளே நுழைந்த பிறகும் பெட்டகம் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கேட்கும்.

அப்புறம், அந்த பாஸ்கீயை அதே பெட்டகத்துக்குள் மட்டும் சேமிக்காதீர்கள். சாவியை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதையாகிவிடும். மாஸ்டர் பாஸ்வேர்டையும் இப்போதைக்கு மறந்துவிட வேண்டாம்.