ஒரே இடத்தில் ஒரே பிழை

கேள்வி: மனிதன், மரம், பாக்டீரியா எல்லாவற்றுக்கும் ஒரே மூதாதை என்கிறீர்கள். ஒரே தச்சன் செய்த நாற்காலியும் மேசையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்காக மேசைதான் நாற்காலியைப் பெற்றது என்பீர்களா? நேரில் பார்த்தவர் யார்?

பதில்: நாற்காலி குட்டி போடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றபடி உங்கள் தச்சனிடம் பாதி நியாயம் இருக்கிறது. ஒற்றுமையை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. சுறாவும் டால்பினும் பார்வைக்கு ஒரே வார்ப்பு; ஒன்று மீன், மற்றது பாலூட்டி. ஆகவே ஒற்றுமையை விடுங்கள், பிழையைப் பாருங்கள்.

பிழை பார்ப்பது எங்கள் பிழைப்பு. எங்கள் கட்டுரையை எடுத்துப் போட்ட இதழ், 'நாங்களே எழுதியது' என்று சாதிக்கலாம். எங்கள் அச்சுப்பிழையும் அதே வரியில் அப்படியே வந்திருந்தால்? அப்புறம் பேச்சே இல்லை.

ஆடும் நாயும் தமக்கு வேண்டிய வைட்டமின் சி-யை ஈரலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு அது முடியாது. அதைச் செய்யும் கடைசி நொதிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது. ஆனால் பல துண்டுகள் உதிர்ந்து, வேலைக்கு உதவாமல் கிடக்கிறது. சிம்பன்சியிடமும் அப்படியே. உடைந்த இடங்கள்கூட ஒத்துப்போகின்றன. கினிப்பன்றிக்கும் இதே குறை உண்டு, ஆனால் அதன் மரபணு உடைந்த விதம் வேறு. தனியாக உடைந்தது தனி விதமாகத்தானே உடையும்? ஒடிந்த ஆணியை இரண்டு மேசையிலும் ஒரே இடத்தில் அடிக்கும் தச்சனை எனக்குத் தெரியாது. (சிம்பன்சி நம் பாட்டன் அல்ல, பங்காளி. இதையும் மாதம் ஒருவர் கேட்கிறார்.)

சரி, மரமும் பாக்டீரியாவும்? அங்கே சாட்சி அகராதி. மரபணு மொழியில் மூன்றெழுத்துச் சொற்கள் 64. எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் செங்கல்) என்பது வேறு மாதிரியும் இருந்திருக்கலாம். ஆய்வகத்தில் சில சொற்களின் பொருளை மாற்றிவிட்ட பிறகும் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. இருந்தும் எல்லா உயிரும் ஏறக்குறைய ஒரே அகராதியைத்தான் புரட்டுகின்றன. 1978-இல் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்படவில்லை. அது படித்துச் செய்து கொடுத்தது. 1982-இல் அந்த இன்சுலின் மருந்தாக விற்பனைக்கு வந்தது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் 'நிறுத்து' என்ற ஒரு சொல்லை 'டிரிப்டோஃபான்' என்ற அமினோ அமிலமாகப் படிக்கிறது. வட்டார வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிர்களின் குடும்ப மரத்தில் வேர்ப்பகுதியில் சிக்கல் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பாக்டீரியாக்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவற்றுக்கும் மரபணுவைக் கைமாற்றும். டார்வினே 1859-இல் உயிர் 'சில வடிவங்களிலோ ஒன்றிலோ' தொடங்கியது என்று அடக்கமாகத்தான் எழுதினார்.

நேரில் பார்த்தவர்? யாரும் இல்லை. உங்கள் எட்டாம் தலைமுறைப் பாட்டியையும் இன்று இருப்பவர் யாரும் பார்த்ததில்லை. அவர் இருந்தாரா என்று கேட்டு நீங்கள் எங்களுக்குக் கடிதம் போடவில்லையே!