தன்னிடம் இல்லாத உணர்வை ஒருவரால் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும், ஆனால் ஓரளவுக்குத்தான். 'புரிந்துகொள்ளுதல்' என்ற சொல்லுக்குள் இரண்டு அறிவுகள் இருக்கின்றன: ஓர் உணர்வு எப்போது வரும், வந்தால் மனிதர் என்ன செய்வார் என்று அறிவது ஒன்று, அதைத் தன் உடம்பிலேயே அனுபவித்து அறிவது மற்றொன்று. முதலாவதைக் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொள்ளலாம்.

மருத்துவ ஆய்வுகளில் எஸ்.எம். என்று மட்டுமே குறிப்பிடப்படும் அமெரிக்கப் பெண்மணி இதற்கு நல்ல சான்று. அரிய மரபுநோய் ஒன்றால், அச்சம் எழுவதற்கு முக்கியமான அமிக்டலா என்ற பகுதி அவர் மூளையின் இருபுறமும் சிதைந்துவிட்டது. அச்சம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். ஆயினும் கடையொன்றில் பாம்பைக் கையில் ஏந்தியபோது அவருக்கு ஆர்வம்தான் மிஞ்சியது. படங்களில் அஞ்சிய முகத்தை அடையாளம் காணவும் அவர் தடுமாறினார். அதன் காரணம் 2005இல் வெளியான ஆய்வில் தெரிந்தது: அவர் பார்வை பிறர் கண்களின் பக்கம் தானாகப் போவதில்லை. கண்களைப் பார்க்கச் சொன்னதும் சரியாகக் கண்டுகொண்டார். எனக்கு இதுதான் பெருவியப்பு.

இதைச் சமையலோடு ஒப்பிடலாம்: மீனைச் சுவைத்தே அறியாத சமையற்காரர், எண்ணெய் பிரிந்து மிதப்பதையும் வாசனையையும் வைத்தே மீன் குழம்பைப் பதமாக இறக்கிவிடுவார். புளி தூக்கலா என்பது மட்டும் சாப்பிடுகிறவர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

எஸ்.எம். உணர்ச்சியே அற்றவர் என்று எண்ணுவது தவறு. மகிழ்ச்சியும் கோபமும் அவரிடம் இருந்தன, 2013இல் வெளியான ஆய்வில் கரியமில வாயு கலந்த காற்றை உள்ளிழுத்தபோது கடும் பீதியும் வந்தது.