‘அந்தப் பாட்டு’: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யாரோ ஒரு கதாநாயகனுக்காக எழுதிய காதல் தோல்விப் பாட்டு, படமே பார்க்காதவர்களையும் எப்படிப் பிடித்து ஆட்டுகிறது? படம் மறந்துபோனாலும் பாட்டு நிற்கிறதே?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: படம் பார்க்காததால்தான் என்று சொன்னால் நம்புவீர்களா? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எங்கள் பக்கம் படத்துக்கு முன்னமே பாட்டு வந்துவிடும், பல நேரம் படம் வராமலே போய்விடும். பேட்டரியை வெயிலில் காயவைத்து ரேடியோ கேட்ட வீடுகளில் கதாநாயகி யார், அவள் ஏன் விட்டுப் போனாள் என்றெல்லாம் யாருக்குத் தெரியும்? தெரியாத இடத்தில் கேட்பவர் தன் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார்.

கெட்டிக்காரக் கவிஞர்கள் அந்த இடத்தைத் தெரிந்தே காலியாக விடுவார்கள். 1962இல் வந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தின் ‘எங்கிருந்தாலும் வாழ்க’ பாட்டைப் பாருங்கள். பழைய காதலி இன்னொருவரின் மனைவியாக ஆஸ்பத்திரிக்கு வருகிறாள், டொக்டரான காதலன் அவள் கணவனைப் பிழைக்க வைக்க வேண்டும், இவ்வளவு சிக்கலான கதைக்குப் பாட்டு எழுத உட்கார்ந்த கண்ணதாசன் டொக்டரையும் நோயாளியையும் பல்லவிக்குள்ளேயே விடவில்லை. அவள் குங்குமம் வாழ்க என்று ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். படத்துக்குள் அதற்கு ‘உன் கணவன் பிழைக்கட்டும்’ என்று அர்த்தம். படத்துக்கு வெளியே, காதலித்தவளின் கல்யாணப் பந்தலைத் தூரத்தில் நின்று பார்க்கிற எவனுக்கும் அது பொருந்தும். ஏ.எல்.ராகவன் பாடி அறுபது வருசத்துக்கு மேலாகிறது, இன்னும் பொருந்திக்கொண்டிருக்கிறது.

இளவட்டமாக இருந்த காலத்தில் நான் ஓர் இசைக்குழுவில் கீபோர்ட் வாசித்தவன். ஆரையம்பதிப் பக்கம் ஒரு கோயில் திருவிழா, மேடைக்குத் துண்டு துண்டாக நேயர் விருப்பம் வருகிறது. ஒரு துண்டில் பாட்டின் பெயரே இல்லை, பென்சிலால் ‘அந்தப் பாட்டு’ என்று மட்டும் இருந்தது. எங்கள் பாடகர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு ‘வாசமில்லா மலரிது’ என்று எடுத்தார், வேறு எதை எடுப்பது! கச்சான் வண்டியின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு அசையாமல் நின்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு துண்டு வந்தது, அதே பென்சில், அதே கையெழுத்து: ‘திரும்ப’.

அது ‘ஒரு தலை ராகம்’ பாட்டு, 1980. பெரிய நடிகர் யாருமில்லை. டி.ராஜேந்தரே எழுதி மெட்டும் போட்ட பாட்டுகள்தான் படத்தைத் தூக்கி நிறுத்தின.

அப்புறம், எழுத்திலேயே ஒரு வித்தை இருக்கிறது. சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், ‘தன்னன்னா’ என்று இசையமைப்பாளர் பாடிக் காட்ட, கவிஞர் அதற்குள் சொல்லை அடைக்க வேண்டும். சோகப் பாட்டில் மெட்டு இழுக்கும் இடத்தில் நெடில் விழுந்தால்தான் பாடுகிறவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். ‘மூன்று’ படத்தின் ‘போ நீ போ’வை எடுத்துப் பாருங்கள், மூன்று சொல், மூன்றும் நெடில். குரல் வளமே இல்லாத ஆளும் இழுத்துப் பாடலாம், பாடுகிறார்கள், எங்கள் பக்கத்து வீட்டில் ராத்திரி பதினொரு மணிக்கும் பாடுகிறார்கள். 2004இல் ‘7ஜி ரெயின்போ காலனி’க்கு நா.முத்துக்குமார் எழுதியது ‘நினைத்து நினைத்து’ என்று தொடங்கும். ஒரு தரம் நினைத்தால் ஞாபகம், திரும்பத் திரும்ப நினைத்தால் அது வேறு வருத்தம். அடுக்கிச் சொன்ன அந்த ஒரு சொல்லிலேயே பாதிக் கதை முடிந்துவிட்டது, மீதியை யுவனின் மெட்டும் கேகேயின் குரலும் பார்த்துக்கொண்டன.

கூத்துக் களரியில் ஆட்டக்காரர் பாடிய தருவை, அதாவது கூத்துப் பாட்டை, பிற்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுவார்களே, களரிக்கு வெளியே நிற்கிறவனும் அப்படிப் பிற்பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டால் பாட்டு ஹிட். விளம்பரம் முதல் வாரத்துக்குத்தான் உதவும்.

கேள்வி: அப்போ ராகத்துக்கு வேலையே இல்லையா?
– வாசகர், கல்முனை

பதில்: ஏன் இல்லை! வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் ஒன்றாம் கட்டையில் ஸ ரி க ப த வாசியுங்கள், எல்லாம் வெள்ளைக் கட்டை, மோகனம், கல்யாண வீடு மாதிரி இருக்கும். இப்போது அந்தக் ‘க’வை மட்டும் பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு இறக்குங்கள். சிவரஞ்சனி. ஒரு விரல் ஓர் அங்குலம் நகர்ந்ததற்கு வீடே அழும். ஆனால் சிவரஞ்சனியில் போட்டதெல்லாம் ஹிட்டாகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: ‘கொலவெறி’யும் காதல் தோல்விப் பாட்டுத்தானாமே?
– வாசகர், செங்கலடி

பதில்: ஓம், சத்தியமாக. அரைகுறையாக இருந்த பதிவு வெளியே கசிந்துவிட, 2011 நவம்பரில் அவசரமாக யூடியூபில் ஏற்றினார்கள். படம் 2012 மார்ச்சில்தான் வந்தது. ‘போ நீ போ’ இருக்கிற அதே படம். ஒரே வலியைச் சிரித்தும் பாடலாம், அழுதும் பாடலாம் என்று அனிருத் இரண்டு கையிலும் வைத்திருந்தார். எனக்கு அழுகிறதுதான் பிடிக்கும்.

கேள்வி: நானும் ஒரு சோகப் பாட்டு எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். படத்துக்குச் சரிவருமா, ஐயா?
– பெயர் வேண்டாம், அக்கரைப்பற்று

பதில்: வாசித்தேன், தம்பி. பல்லவியில் அவள் பெயர் மூன்று தரம் வருகிறது. டியூஷன் வகுப்பு, தை மாதத் தேதி, அவளுடைய அண்ணனின் மோட்டார்சைக்கிள் நிறம் வரைக்கும் இருக்கிறது. இது பாட்டில்லை, பொலிஸ் முறைப்பாடு. மோட்டார்சைக்கிளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நிறம் வேண்டாம், ஒழுங்கை முடக்கில் அது திரும்புகிற சத்தம் போதும், அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடாத ஆண்பிள்ளை எங்கள் பக்கத்தில் குறைவு. பெயரை எடுத்துவிட்டு ‘நீ’ என்று போடுங்கள். பாட்டுக்கும் நல்லது, நாளைக்கு இதே ஊரில் வாழப்போகிற அந்தப் பிள்ளைக்கும் நல்லது. இரண்டாம் சரணத்தில் ‘மறக்க முடியவில்லை’ ஐந்து தரம் வருகிறது, நான்கை வெட்டுங்கள். திருத்தி எழுதி அனுப்புங்கள், கட்டாயம் வாசிப்பேன், ஆனால் இந்த முறை தாளின் அடியில் அவளுடைய ஃபோன் நம்பரை எழுத வேண்டாம்.