பணம் கட்டும் முன் அந்தக் கோர்ஸின் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த மகளை ஆறு மாத ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ கோர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விளம்பரத்தில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று இருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

நம் நாட்டில் தொழில் படிப்புகளைத் திறனுக்கேற்ப நிலைகளாகப் பிரிக்கும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு 2013-இல் வந்தது. ஒரு வேலைக்கு வருபவருக்கு என்னென்ன செய்யத் தெரிய வேண்டும் என்பதை அந்தந்தத் துறையின் ஸ்கில் கவுன்சில் தரநிலையாக எழுதுகிறது. 2018-இல் அமைக்கப்பட்ட என்சிவிஇடி (தொழிற்கல்வி, பயிற்சிக்கான தேசியக் கவுன்சில்) அதை ஆராய்ந்து ஒப்புதல் தருகிறது. ஒப்புதல் பெற்றவற்றை தேசியத் தகுதிப் பதிவேட்டின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். அந்தப் பதிவேட்டில் கோர்ஸுக்கு உள்ள குறியீட்டு எண்ணை நிறுவனத்திடம் வாங்கித் தேடுங்கள்; ஒப்புதல் எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் பாருங்கள். எண் இல்லை என்றால், எந்த அங்கீகாரம் என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

அடுத்து, அந்தத் தரநிலையை மகளோடு உட்கார்ந்து படியுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. இத்தகைய கோர்ஸ்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது ‘ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்’ தரநிலை. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றிவிடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, தொற்று பரவாமல் பார்த்துக்கொள்வது, மருத்துவக் கழிவைப் பிரித்துப் போடுவது எல்லாம் அதில் வரும். மதிப்பான வேலை, ஆனால் உடலுழைப்பு அதிகம். மனம் ஒப்புகிறதா என்று அவளே சொல்லட்டும். பிறகு அதே பட்டியலை நிறுவனத்திடம் காட்டி, இவற்றில் எதையெல்லாம் மருத்துவமனையில் நேரடியாகச் செய்து பழகுவாள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வகுப்பறையில் படம் காட்டி முடித்துவிடும் இடமா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

சான்றிதழில் உள்ள நிலை எண் குழப்பலாம். முன்பு 10 நிலைகள் இருந்தன, 2023-க்குப் பிறகு 8. பழையதையும் புதியதையும் ஒப்பிட வேண்டாம்; அந்த எண் சம்பளத்தைச் சொல்வதும் அல்ல.

ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறேன்: இந்தச் சான்றிதழால் உங்கள் மகள் நர்ஸ் ஆக முடியாது. நர்ஸாக வேண்டும் என்றால் ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) அல்லது பிஎஸ்சி நர்சிங்கை அங்கீகாரமுள்ள நிறுவனத்தில் முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அவள் ஆசை அதுதான் என்றால், காலம் கூடுதலானாலும் அந்த வழியிலேயே விடுங்கள். பிளஸ் டூவில் என்ன பாடப்பிரிவு, எவ்வளவு மதிப்பெண் என்று எழுதுங்கள். எதற்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.